முதல் பிரதி பெறுபவர்

அழைப்பிதழின் மாதிரித் தாளில் எல்லாம் சரியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி, ஸ்ரீரங்கம் சித்திரை வீதிக்கு அடுத்த மண்டபம். இறைவணக்கம் பாடுபவர் பெயர் இருந்தது. வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரை எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. 'முதல் பிரதி பெறுபவர்' என்ற வரிக்கு எதிரே மட்டும் வெறும் புள்ளிகள். அவை எறும்பு வரிசைபோலத் தாளின் ஓரம்வரை போய், அங்கே யாரும் இல்லாததால் நின்றுவிட்டிருந்தன.

"பேரு வேணும் சார்," என்றார் நல்லுசாமி. தெப்பக்குளத்துக்குப் பின்சந்தில் அச்சகத்தையும் பதிப்பகத்தையும் ஒரே அறையில் நடத்துபவர். முருகானந்தத்தின் ஐந்து தொகுதிகளையும் அச்சிட்டவர். ஐந்து தடவையும் உயிர் பிழைத்தவர்.

"நீரே வாங்கிக்கும்யா."

"எனக்கு ரெண்டு பொண்ணு சார். சின்னவளுக்குத் தை மாசம் கல்யாணம்."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒரு சம்பந்தமும் இல்ல சார். அப்படியே இல்லாமயே இருக்கட்டும்னு பாக்குறேன்."

முருகானந்தம் போர் வரலாற்றாசிரியர். திருச்சியில் அந்தத் தொழிலுக்கு அவர் ஒருவர்தான் இருந்தார், அதுவே அதிகம் என்று அவருடைய கல்லூரியில் பேசிக்கொண்டார்கள். தீபாவளிக்குத் தெருவில் ஓலைவெடி வெடித்தால் காதைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விடுவார். ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டில் இந்த ஊரைச் சுற்றி எந்தப் பீரங்கியும் அவருக்குத் தெரியாமல் வெடித்ததில்லை. மலைக்கோட்டையை வளைத்தவர்கள், காத்தவர்கள், இரண்டு பக்கமும் சம்பளம் வாங்கியவர்கள் என்று எல்லோரையும் அவர் பெயர் சொல்லி அறிவார். வகுப்பில் முற்றுகை பற்றிப் பேசும்போது கதவைச் சாத்திவிடுவார். மாணவர்களுக்கு முற்றுகை புரிந்துவிடும்.

ஓய்வுபெற்ற பிறகு 'திருச்சி முற்றுகைகள்' என்று ஆறு தொகுதி எழுத உட்கார்ந்தார். முதல் தொகுதியின் முதல் வரியிலேயே தன் வாழ்நாள் கண்டுபிடிப்பைப் போட்டிருந்தார்: கோட்டையைப் பீரங்கி உடைப்பதில்லை, வதந்திதான் உடைக்கிறது. உள்ளே இருப்பவன் அரிசி தீர்ந்துவிட்டது என்று நம்பிய அன்றே கதவு திறந்துவிடுகிறது. அரிசி இருந்ததா என்று பிறகு வரலாற்றாசிரியன்தான் வந்து எண்ண வேண்டும்.

அந்த முதல் தொகுதியின் முதல் பிரதியைக் கல்லூரியின் முன்னாள் முதல்வர் பெற்றுக்கொண்டார். மினுமினுப்புத் தாள் சுற்றி, ரிப்பன் கட்டி, மேடையில் எல்லோரும் கேமராவைப் பார்த்துப் புத்தகத்தை மார்புயரம் தூக்கிப் பிடித்துக் கைதட்டலோடு முடிந்தது. அடுத்த மாதம் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து போய்ச் சேர்ந்தார். யாரும் எதுவும் நினைக்கவில்லை. இரண்டாம் தொகுதி வாங்கிய அரிசி ஆலை முதலாளி அந்த வருஷமே போனபோதும், மூன்றாம் தொகுதி வாங்கிய ரயில்வே அதிகாரி மாடிப்படியில் உட்கார்ந்தவர் எழாதபோதும், ஊரார் மாலை வாங்கிக்கொண்டு போய்விட்டு வந்தார்கள்.

நான்காம் தொகுதி ஒற்றர்களைப் பற்றியது. வாங்கியவர் லால்குடியின் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. தூக்கத்திலேயே, பக்கத்து அறையில் இருந்தவர்களுக்குக்கூடத் தெரியாமல் போய்விட்டார். துக்க வீட்டில் யாரோ ஒருவர் காபியை உறிஞ்சியபடி, "ஒற்றன் மாதிரியே போயிட்டாங்களே" என்றார். காபி தம்ளர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. முதல் தொகுதி அகழியைப் பற்றியது, முதல்வர் தண்ணீரில் வழுக்கினார். இரண்டாம் தொகுதி பஞ்சத்தைப் பற்றியது, ஆலை முதலாளிக்குக் கடைசி நாட்களில் சாதம் இறங்கவில்லை. மூன்றாவது பொன்மலைச் சண்டை, ரயில்வேக்காரர் ஏறும்போது போனார். அன்று சாயங்காலத்துக்குள் செய்தி காவிரியைத் தாண்டிவிட்டது.

முருகானந்தத்துக்குச் சிரிப்பாக இருந்தது. "எண்பது வயசுக்காரங்களாப் பார்த்து மேடைக்குக் கூப்புடுறோம். அப்புறம் செத்துட்டாங்கன்னு ஆச்சரியப்படுறோம்," என்றார். "அவங்க கையில பால் பாக்கெட்டைக் கொடுத்திருந்தாலும் இதேதான் ஆயிருக்கும்." தர்க்கம் சரிதான். ஊரில் யாரும் மறுக்கவில்லை. பால் பாக்கெட் மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

இளவயசுக்காரன் வாங்கினால் பேச்சு அடங்கும் என்றுதான் ஐந்தாம் தொகுதிக்கு அவர் ஆசீரைப் பிடித்தார். பாலக்கரைக்காரன், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியன், முப்பதைத் தாண்டி ஒன்றிரண்டு வயதுதான் இருக்கும். காலையில் மைதானத்தைச் சுற்றி ஓடுவான், சாயங்காலம் மறுபடி ஓடுவான். முருகானந்தத்தின் பழைய மாணவன், வரலாற்றில் தோற்றவன். "எனக்கு எதுக்கு சார் இதெல்லாம்?" என்று கூச்சத்தோடு சிரித்துக்கொண்டே மேடையேறினான். ஐந்தாம் தொகுதி, வெயிலில் சுருண்ட ஒரு படையைப் பற்றியது. சித்திரையில் ஆசீர் மைதானத்தில் சுருண்டு விழுந்தான், எழவில்லை.

அவன் மனைவி புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தாள். ரிப்பன் அவிழ்க்கப்படாமல் இருந்தது. தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் போய்விட்டாள்.

இப்போது ஆறாம் தொகுதி. கடைசி. பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, ஆற்றுக்கு நடுவில் பாதுகாப்பாக இருக்கிறோம் என்று நம்பி, பிறகு ஆயுதத்தைக் கீழே வைத்த கதை. அதை ஸ்ரீரங்கத்திலேயே வெளியிட வேண்டும், முதல் பிரதியை முறையாக ஒருவர் வாங்க வேண்டும் என்று முருகானந்தம் நின்றார். வதந்திக்குப் பயந்து வழக்கத்தை விட்டால், முப்பது வருஷமாக அவர் வகுப்பில் சொன்னதும் புத்தகத்தில் எழுதியதும் பொய் என்று அவரே கையெழுத்துப் போட்டது மாதிரி.

"போட்டோகிட்ட கொடுத்துடலாம் சார்," என்றார் நல்லுசாமி. "யாராவது தியாகி படத்துக்கு முன்னாடி வச்சிட்டா, அவரு ஏற்கனவே போனவரு."

"உயிரோட இருக்கறவங்க வாங்கணும்யா. அதான் மரியாதை."

"கோயில் யானை?"

முருகானந்தம் நிமிர்ந்து பார்த்தார். நல்லுசாமி விளையாட்டாகச் சொன்னதாகத் தெரியவில்லை.

"யானை நல்லா வாங்கும் சார், தும்பிக்கையில. படமும் எடுப்பா விழும். ஆனா யானைக்கு ஏதாவது ஒண்ணு ஆயிடுச்சுன்னு வைங்க, ஊரே சேர்ந்து நம்ம ரெண்டு பேரையும் கொளுத்திடும்." அவரே யோசித்து அவரே கைவிட்டார்.

முருகானந்தம் படையெடுத்தார். முதலில் உத்திர வீதி பார்த்தசாரதி. எழுபத்தெட்டு வயது, சபைகளில் முதல் வரிசை, எந்த மேடையிலும் இல்லை என்று சொல்லாதவர். வாசலில் மாமி நின்றாள். "அவர் ஆத்துல இல்லையே. திவ்யதேச யாத்திரை போயிருக்கார்." உள்ளேயிருந்து, "யாரு வந்திருக்கா?" என்று யாத்திரை போனவர் குரல் கொடுத்தார். பிறகு வேறு வழியில்லாமல் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார்.

"ஸ்வாமி, தேவரீர் க்ரந்தத்தை ஸ்வீகரிக்கறதுன்னா மஹா பாக்யம். ஆனா பாருங்கோ, அந்த பாக்யத்துக்கு அடியேனுக்கு இன்னும் யோக்யதை வரலை."

"எப்ப வரும்?"

"பெருமாள் க்ருபையில இன்னொரு இருபது வருஷம் போகட்டுமே," என்று கைகூப்பினார் பார்த்தசாரதி. மாமி பின்னாலிருந்து, "இருபத்தஞ்சுன்னு சொல்லுங்கோ" என்றாள்.

திருவானைக்காவலில் ஒரு பொறியாளர் எதிரே வந்தவர் அப்படியே கோயிலுக்குள் திரும்பினார். அவர் கோயிலுக்கே போகாதவர் என்று ஊருக்குத் தெரியும். டீக்கடையில் முருகானந்தம் காகிதத்தில் சுற்றிய வடையை நண்பர் ஒருவரிடம் நீட்டினார். அவர் கை பாதி வந்து நின்றது. "மேசைமேல வைங்க சார், எடுத்துக்கறேன்," என்றார். மேசைமேல் வைத்த வடையை நெடுநேரம் யாரும் எடுக்கவில்லை. முருகானந்தமும் எடுக்கவில்லை.

கடைசியில் வையம்பட்டி செல்லக்கண்ணு ஒப்புக்கொண்டார். விவசாயச் சங்கத் தலைவர். கடவுள் இல்லை என்று கோயில் வாசலில் நின்று பேசுபவர். "ரெண்டு தடவ பாம்பு கடிச்சுப் பொழைச்சவன் நானு. உங்க புஸ்தகம் என்ன, அதவிட வெஷமா?" என்று தொடையைத் தட்டினார். நல்லுசாமி புள்ளிகளை அழித்துப் பெயரைப் போட்டு அழைப்பிதழ்களை அடித்து முடித்தார்.

மறுநாள் காலை செல்லக்கண்ணு போன் செய்தார். குரல் கீழே எங்கிருந்தோ வந்தது.

"ஐயா, ஆஸ்பத்திரியில இருக்கேன். ஒண்ணுமில்ல. வாயுப் பிடிப்புதான்னு டாக்டர் சொல்றாரு."

"உடம்பைப் பார்த்துக்கங்க."

"பார்த்துக்கறேன். பேரு அச்சாயிடுச்சுங்களா?"

"ஆயிடுச்சு."

"எடுத்துருங்க ஐயா," என்றார் பாம்புக்குப் பயப்படாதவர்.

பெயரின் மேல் வெள்ளைக் காகிதத் துண்டு ஒட்டினார்கள். கடைசித் துண்டு ஒட்டியதும் வலி நின்றுவிட்டதாம், எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாராம். இதை நல்லுசாமியிடம் சொன்னது வையம்பட்டி பஸ்ஸின் கண்டக்டர். அவருக்கு யார் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை. அழைப்பிதழ் வாங்கியவர்கள் அதை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்து, ஒட்டிய துண்டுக்கு அடியில் தெரிந்த பெயரைப் படித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டார்கள்.

வீட்டில் முருகானந்தத்தின் மனைவி மலர்க்கொடி அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். டெலிபோன் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். மற்றவர்கள் பேச்சை இத்தனை வருஷம் கேட்டதாலோ என்னவோ, வதந்தி எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதவள். கணவரின் புத்தகங்களையும் அப்படித்தான்.

"ஏங்க, விழா வேணாமே. சும்மா கடைக்கு அனுப்பிட்டா என்ன?"

"முற்றுகைக்குப் பயந்து ஓடிட்டான்னு எழுதுவாங்க."

"யாரு எழுதுவா? அதையெல்லாம் எழுதறதுக்கு ஊர்ல இருக்கறதே நீங்க ஒருத்தர்தான்."

அவர் மின்விசிறியைப் பார்த்தார். அவள் நார் உரிப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

"நீங்க நம்பறீங்களா?"

"சீ. ரெண்டு விஷயம் அடுத்தடுத்து நடந்தா, முந்தினதாலதான் பிந்தினது நடந்துச்சுன்னு ஆகாது. முதல் வருஷப் பசங்களுக்கே தெரியும்."

"அப்ப ஆசீர் வீட்டுலேருந்து வந்த புஸ்தகம் மட்டும் ஏன் பீரோ மேல, துணி மூடி இருக்கு? மத்ததெல்லாம் அலமாரியில இருக்கே."

"அலமாரியில இடமில்ல."

அலமாரியில் இடம் இருந்தது. இரண்டு பேரும் அந்த இடத்தைப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சகுனம் ஒன்றும் தப்பாக இல்லை. பூனை குறுக்கே போகவில்லை. பால் திரியவில்லை. ஆட்டோ முதல் இழுப்பிலேயே கிளம்பியது. இப்படி எல்லாம் ஒழுங்காக நடக்க நடக்க, முருகானந்தம் வழியெல்லாம் ஏதாவது தப்புகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மண்டபம் நிரம்பி வழிந்தது. அவருடைய ஐந்து விழாக்களுக்கும் சேர்ந்து வந்த கூட்டம் இதில் பாதி இருக்காது. லால்குடியிலிருந்து ஒரு வேனே வந்திருந்தது. ஆனால் முதல் மூன்று வரிசையும் காலி. மக்கள் பின்சுவரை ஒட்டி, ஜன்னல் திட்டில், செருப்பு விடும் இடத்தில் நின்றார்கள். நடுவில் எவ்வளவோ நாற்காலிகள் இருக்கும்போது எல்லோரும் நின்றுகொண்டே மேடையைப் பார்த்தார்கள். முதல் வரிசையில் மலர்க்கொடி மட்டும் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாசலில் ஓர் ஆம்புலன்ஸ் நின்றது. யாரையோ இறக்கிவிட வந்ததாகச் சொன்னார்கள். இறக்கிவிட்ட பிறகும் அது போகவில்லை.

போட்டோ எடுக்கும் பாசில் வாசற்படிக்குப் பக்கத்தில் நின்றான்.

"கிட்ட வாப்பா," என்றார் நல்லுசாமி.

"இங்கேருந்தே நல்லா விழுதுண்ணே. லென்ஸ் அப்படி."

இறைவணக்கம் வழக்கத்தைவிட உருக்கமாக இருந்தது. வரவேற்றவர் மூச்சு விடாமல் வரவேற்றுவிட்டு இறங்கிப்போனார். வெளியிடுபவருக்கு ஆபத்தில்லை என்று ஐந்து தொகுதிகளும் நிரூபித்திருந்ததால் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் வர ஒப்புக்கொண்டிருந்தார். ஆனாலும் அவர் ரிப்பன் கட்டிய புத்தகத்தைக் கைக்குட்டையோடு சேர்த்துத்தான் பிடித்தார்.

"ஆறாம் தொகுதியை வெளியிடுகிறேன்," என்றார். "முதல் பிரதியைப் பெற்றுக்கொள்ள..." என்று சீட்டைப் பார்த்தார். அதிலும் துண்டு ஒட்டியிருந்தது.

முருகானந்தம் கூட்டத்தைப் பார்த்தார். அவர் பார்வை போன பக்கமெல்லாம் தலைகள் குனிந்தன, காற்றில் பயிர் சாய்வதுபோல. தன் புத்தகங்களில் அவர் எத்தனையோ காவற்படைகளை இப்படி நிற்கவிட்டிருக்கிறார். கதவை யார் திறப்பது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். வெளியிலிருந்து பார்த்தபோது அது சுவாரசியமாக இருந்தது.

முதல் வரிசையில் ஒரு நாற்காலி பின்னுக்கு நகர்ந்தது.

மலர்க்கொடி கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு மேடைப்படியில் ஏறினாள். யாரும் கூப்பிடவில்லை. முழங்கால் வலி உள்ளவள் என்பதால் கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக ஏறினாள். நீதிபதிக்கு உயிர் வந்தது. "அருமை, அருமை. இல்லத்தரசியாரே பெற்றுக்கொள்கிறார்," என்று புத்தகத்தை நீட்டினார். அவள் இரண்டு கையாலும் பிடித்தாள்.

முருகானந்தத்தின் கை குறுக்கே வந்து புத்தகத்தின் மறுபக்கத்தைப் பிடித்தது.

"வேண்டாம்."

மைக் பக்கத்திலேயே இருந்தது. செருப்பு விடும் இடம்வரைக்கும் கேட்டது.

"விடுங்க," என்றாள் அவள். "எல்லாரும் பாக்கறாங்க."

"வேண்டாம் மலரு. விழா வேண்டாம். புஸ்தகமே வேண்டாம், எரிச்சிடலாம்."

"நீங்கதான் நம்பலையே?"

அவர் வாயைத் திறந்தார். முதல் வருஷப் பசங்களுக்குச் சொல்லும் தர்க்கம் எல்லாம் வரிசையாக நின்றது. ஒன்றும் முன்னால் வரவில்லை. "நம்பறேன்," என்றார். முப்பது வருஷ உழைப்பும் ஆறு தொகுதியும் ஸ்ரீரங்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த ஒரு சொல்லில் ஆயுதத்தைக் கீழே வைத்தன. பின்சுவரிலிருந்து ஒரு பெருமூச்சு கிளம்பி மேடைவரை வந்தது.

மலர்க்கொடி மைக்கின் பக்கமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவருக்கு மட்டும் கேட்கும்படி, போனில் நம்பர் கேட்பதுபோல நிதானமாகக் கேட்டாள்.

"அப்ப ஆசீர் கையில எப்படிங்க கொடுத்தீங்க?"

அவர் விரல்கள் ஒவ்வொன்றாக விலகின. அவர் விலக்கினாரா, தானாக விலகினவா என்பதை எந்த வரலாற்றாசிரியனும் சொல்ல முடியாது. புத்தகம் அவள் கைக்குப் போனது. பாசிலின் கேமரா தூரத்தில் ஒருமுறை மின்னியது. கைதட்டுவதா என்று யாருக்கும் தெரியவில்லை. நல்லுசாமி ஒருவர் மட்டும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அவள் இறங்கிப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ரிப்பனை அவிழ்த்துப் புத்தகத்தைப் பிரித்தாள். அதுவரை எந்த முதல் பிரதியையும் வாங்கியவர்கள் பிரித்ததில்லை.

"ஆசிரியர் ஏற்புரை," என்று நல்லுசாமி முணுமுணுத்தார்.

முருகானந்தம் மைக்கின் முன்னால் நின்றார். கையில் உரை இருந்தது. கண் அதில் இல்லை. மலர்க்கொடி ஒருமுறை இருமினாள். மண்டபமே அவள் பக்கம் திரும்பியது. வாசலில் ஆம்புலன்ஸ்காரர் பீடியைக் கீழே போட்டார். அவள் முந்தானையால் வாயைத் துடைத்துவிட்டு, "தூசி" என்று யாரிடமோ சொல்லி, அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

"பேசுங்க," என்றாள் தலை நிமிராமல். "எல்லாரும் காத்திட்டு இருக்காங்க."

அவர் உரையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அவள் விரல் வரிக்கு வரி நகர்வதைப் பார்த்துக்கொண்டே நின்றார். வேகமாகத்தான் படிக்கிறாள். படித்து முடிக்கிறவரை ஒன்றும் ஆகாது என்று வைத்துக்கொண்டால், மொத்தம் எண்ணூற்றுச் சொச்சம் பக்கம். இன்னும் கொஞ்சம் நீட்டி எழுதியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.